ரிச்சி ஸ்ட்ரீட் ஏவி டப்பா, பிஎஸ்2 டாங்கிள், லைன் டப்ளர்: பழைய கேமுக்குப் புது டிவியில் எது தேறும்?

பரணிலிருந்து இறக்கிய பிஎஸ்2வுக்கோ (பிளேஸ்டேஷன் 2) கேசட் போடும் டிவி கேமுக்கோ வழி கேட்டுச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையில் நின்றாலும், நாம் சொல்லி முடிப்பதற்குள் கவுன்டரில் ஒரு குட்டி டப்பா வந்து விழும். உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒரு பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று ஓட்டை, மறுபக்கம் எச்டிஎம்ஐ, ஓரத்தில் பவருக்கு ஒரு மினி யுஎஸ்பி, 720, 1080 என்று எழுதிய சின்ன ஸ்விட்ச். விலை 500 ரூபாயை ஒட்டி. பேரம் பேசும் சாமர்த்தியத்தைப் பொறுத்துக் கொஞ்சம் ஏறும், இறங்கும். "மாட்டுங்க சார், படம் வரும்" என்பார் கடைக்காரர். அவர் சொல்வது பொய் இல்லை, படம் வரும். கேம் ஆட முடியுமா என்று கேட்டால்தான் பதில் நீளும்.

வாங்கும்போதே நடக்கும் தவறு ஒன்றை முதலில் சொல்லிவிடலாம். இதே அளவு, இதே நிறம், இதே ஓட்டைகளுடன் இன்னொரு டப்பா உண்டு. அது எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றுவது, அதாவது செட்டாப் பாக்ஸைப் பழைய டிவியில் மாட்டுவதற்கானது. நமக்கு வேண்டியது ஏவியை எச்டிஎம்ஐ ஆக்குவது. மேலே அச்சிட்டிருக்கும் எழுத்தில் ஏவி முதலில் வர வேண்டும். எச்டிஎம்ஐ ஓட்டைக்குப் பக்கத்தில் அவுட்புட் என்று இருக்க வேண்டும். அட்டைப்பெட்டியை நம்ப வேண்டாம், டப்பாவையே திருப்பிப் பாருங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பல கடைகள் ஞாயிறு விடுமுறை. மாற்றித் தரச் சொல்லி மறுபடி அலைவது இன்னொரு வேலை நாளைத் தின்னும்.

அதற்கும் முன்னால், இந்த டப்பா தேவைதானா என்று டிவியின் பின்பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இப்போது வரும் டிவிகளிலும் பலவற்றில் ஏவி உள்ளீடு இருக்கிறது. மூன்று வண்ண ஓட்டைகளாக இல்லாமல், ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒற்றை 3.5 மி.மீ. ஓட்டையாக, ஏவி இன் என்று எழுதி ஒளிந்திருக்கும். டிவியோடு வந்த குட்டி வயரைத் தொலைத்திருந்தால் நான்கு பட்டை கொண்ட 3.5 மி.மீ. வயர் வாங்க வேண்டும். இங்கேதான் சிக்கல்: அந்த நான்கு பட்டைகளில் எது வீடியோ, எது எர்த் என்பது எல்லா வயரிலும் ஒன்றாக இருக்காது. பழைய கேம்கோடர் வயர் ஒரு வரிசை, டிவி எதிர்பார்ப்பது இன்னொரு வரிசை. மாட்டினால் படம் வராமல் 'ங்ங்' என்று இரைச்சல் மட்டும் வந்தால், மஞ்சள் பின்னைக் கழற்றிச் சிவப்பில், பிறகு வெள்ளையில் மாட்டிப் பாருங்கள். பல நேரம் அதிலேயே தீர்ந்துவிடும். எர்த் இடம் மாறியிருந்தால் மட்டும் எத்தனை மாற்றினாலும் வராது; வேறு வயர்தான்.

சில டிவிகளில் ஏவிக்கும் காம்பொனென்டுக்கும் (படம் மூன்று தனிக் கம்பிகளில் வரும் முறை) சேர்த்து ஒரே பச்சை ஓட்டை இருக்கும். மஞ்சள் பின் அந்தப் பச்சையில்தான் போகும். மாட்டியபின் படம் கருப்பு வெள்ளையாக வந்தால் வீடியோ கேம் கெட்டுவிட்டதாகப் பதற வேண்டாம். டிவி காம்பொனென்ட் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. சோர்ஸ் மெனுவில் ஏவி என்று மாற்றினால் நிறம் வந்துவிடும்.

கேசட் போடும் டிவி கேம்களில் பெரும்பாலும் ஒலி மோனோ, அதாவது மஞ்சளும் வெள்ளையும் மட்டும். நேராக மாட்டினால் இடது ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் வரும். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் பின் ஒன்று போதும், சில்லறைக் காசு.

நேரடி ஏவியில் மாட்டிய பிறகு, கேம் மோடை நாமே போட வேண்டும். புது கன்சோல்கள் எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குச் சொல்லித் தாமாகவே கேம் மோடுக்கு மாற்றிக்கொள்ளும். பழசுக்கு அந்த வாய் கிடையாது. சோனியில் பிக்சர் மோடில் கேம், எல்ஜியில் கேம் ஆப்டிமைசர், சாம்சங்கில் கேம் மோடு என்று பெயர்தான் மாறும். கூடவே மோஷன்ஃப்ளோ, ட்ருமோஷன், ஆட்டோ மோஷன் பிளஸ் போன்ற 'வழவழ' சமாச்சாரங்களை எல்லாம் அணைத்துவிடுங்கள். சாதாரண மோடில் பட்டனை அமுக்கியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே 50 முதல் 100 மில்லிசெகண்டு போவது சகஜம். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்டு; அப்படியானால் மூன்றிலிருந்து ஆறு ஃப்ரேம். குழிக்கு முன்னால் சரியாகத்தான் அமுக்குகிறோம், ஆனாலும் மரியோ விழுகிறான் என்றால் விரலைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

டிவி எதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறது

இனி டப்பாவின் உண்மையான குறை. அதைச் சொல்ல 240பி என்றால் என்ன என்று தெரிய வேண்டும்.

பழைய டிவி ஒளிபரப்பு 480ஐ அல்லது நம் ஊர் 'பால்' (PAL) முறையில் 576ஐ. எண் என்பது கோடுகளின் எண்ணிக்கை. ஐ என்றால் இன்டர்லேஸ்: ஒரு தடவை ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்த தடவை இரட்டைப்படைக் கோடுகள். இரண்டும் சேர்ந்து ஒரு முழுப் படம். ஃபேமிகாம் (நம் கேசட் கேம்கள் நகலெடுத்த நின்டென்டோ கன்சோல்), மெகா டிரைவ், சூப்பர் நின்டென்டோ, பிஎஸ்1 எல்லாம் பெரும்பாலும் இந்த விளையாட்டைச் செய்வதில்லை. ஒவ்வொரு தடவையும் அதே கோடுகளின் மேலேயே புதுப் படத்தை வரைகின்றன. அதுதான் 240பி, பாலில் 288பி. பிக்சர் டியூப் டிவிக்கு இது பிரச்சினையே இல்லை. வந்த கோட்டை வந்த இடத்தில் போடும். பல எல்இடி டிவிகளும் இந்த 500 ரூபாய் டப்பாவும் ஏவி ஓட்டையில் வருவது எல்லாமே இன்டர்லேஸ்தான் என்று முடிவு கட்டிவிடுகின்றன. தனித்தனியான இரண்டு முழுப் படங்களை எடுத்து, ஒரு படத்தின் இரண்டு பாதிகள் என்று நினைத்துப் பின்னி ஒட்டுகின்றன. அசையாத காட்சியில் ஒன்றும் தெரியாது. ஓட ஆரம்பித்தால் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கிழியும். அந்தப் பின்னலுக்காகக் காத்திருக்கும் நேரம் வேறு, தாமதத்தில் சேரும்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். 9999 இன் 1 கேசட்டில் முதலிலோ இரண்டாவதாகவோ இருக்கும் சூப்பர் மரியோ பிரதர்ஸ் போதும். காளானைத் தின்று பெரிய மரியோ ஆகுங்கள். பிறகு வேண்டுமென்றே ஒரு எதிரியின் மேல் மோதுங்கள். மரியோ சிறுத்து, சில நொடிகள் மினுக்குவான். அந்த மினுக்கல் எப்படி நடக்கிறது என்றால், ஒரு ஃப்ரேம் விட்டு ஒரு ஃப்ரேம் மரியோவை வரையாமல் விடுகிறது ஆட்டம். பிக்சர் டியூபில் அவன் படபடவென்று மினுக்குவான். டப்பா வழியாகப் பார்த்தால், மரியோ இருக்கும் ஃப்ரேமும் இல்லாத ஃப்ரேமும் ஒன்றாகப் பின்னப்பட்டு, ஜன்னல் பிளைண்டுக்குப் பின்னால் நிற்பவன் மாதிரி கோடு கோடாகத் தெரிவான். சில டிவிகளில் மினுக்கலே இல்லாமல் பாதி நிறத்தில் மங்கி நிற்பான். அப்படித் தெரிந்தால் உங்கள் டிவியோ டப்பாவோ 240பியை 480ஐ என்று படிக்கிறது என்று அர்த்தம். ஒழுங்காக மினுக்கினால் அந்த டிவியை விற்றுவிடாதீர்கள்.

கேசட்டில் சொந்த ரோம் (ஆட்டக் கோப்பு) ஏற்றும் வசதி உள்ளவர்கள் 240பி டெஸ்ட் சூட் என்ற இலவச மென்பொருளை ஏற்றி, அதில் டிராப் ஷேடோ டெஸ்ட்டைப் பார்க்கலாம். இதே விஷயத்தை இன்னும் துல்லியமாகக் காட்டும்.

இரண்டாவது குறை நம் ஊருக்கே உரியது. இங்கே விற்ற கேசட் கேம்களில் பெரும்பாலானவை பால் டிவிக்காக 50 ஹெர்ட்ஸில் ஓடும்படி செய்த ஃபேமிகாம் நகல்கள். டப்பாவோ எது வந்தாலும் 60 ஹெர்ட்ஸில்தான் வெளியே அனுப்பும். 50ஐ 60 ஆக்க ஒரே வழி, ஒவ்வொரு ஐந்தாவது ஃப்ரேமையும் இன்னொரு தடவை காட்டுவது. நொடிக்குப் பத்து தடவை படம் திக்கும். மரியோ ஓடும்போது பின்னால் போகும் பச்சைக் குழாய்களைக் கவனியுங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டியவை மேட்டில் ஏறி இறங்கும் ஷேர் ஆட்டோ மாதிரி குலுங்கிப் போகும். இதற்கு மெனுவில் மருந்து கிடையாது. வேடிக்கை என்னவென்றால், இங்கே விற்கும் டிவிகளுக்கு 50 ஹெர்ட்ஸ் நன்றாகவே பழக்கம். நேரடி ஏவியில் மாட்டினால் திக்காது. 500 ரூபாய் கொடுத்துத்தான் இந்தத் திக்கலை வாங்குகிறோம்.

மூன்றாவது, படத்தை 16:9க்கு இழுத்துவிடும். டிவி ரிமோட்டில் படத்தின் அளவை 4:3 என்று வைத்தால் சரியாகும், டிவி விட்டால். எச்டி சிக்னலுக்கு 4:3 தர மறுக்கும் டிவிகள் உண்டு. அப்போது குண்டு மரியோவோடுதான் வாழ வேண்டும்.

பவருக்கு டிவியின் யுஎஸ்பியைப் பயன்படுத்தினால் சிலவற்றில் படம் அலைபாயும், ஒலியில் இரைச்சல் வரும். 5 வோல்ட், 1 ஆம்பியர் போன் சார்ஜரில் தனியாகக் கொடுங்கள். ஸ்விட்சை 720இல் வைப்பதா 1080இலா என்று பலர் மாற்றி மாற்றிப் பார்ப்பதுண்டு. தெளிவில் பெரிய மாற்றம் இருக்காது.

ஆக, டப்பா யாருக்கு? பழைய விசிஆர் கேசட்டில் கல்யாண வீடியோ பார்ப்பவருக்குத் தாராளமாக. நின்று நிதானித்து ஆடும் கேம்களுக்குப் பரவாயில்லை. மரியோ, கான்ட்ரா மாதிரி நொடியில் முடிவெடுக்கும் கேசட் கேம்களுக்கு வேண்டாம். டிவியில் ஏவி ஓட்டையே இல்லாவிட்டால் மட்டும், வேறு வழியில்லாமல் வாங்கலாம்.

பிஎஸ்2 வைத்திருப்பவர் அதிர்ஷ்டசாலி

பிஎஸ்2வுக்கு இந்த மூன்று வண்ண டப்பாவை வாங்குவது வீண். அதே கடைகளில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு டாங்கிள் கிடைக்கும்: பிஎஸ்2வின் ஏவி ஓட்டையில் நேராகச் செருகினால் மறுமுனையில் எச்டிஎம்ஐ. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, படத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். காரணம், டப்பா வாங்குவது மஞ்சள் பின் சிக்னலை, அதாவது நிறமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் கலந்து வரும் காம்போசிட்டை. டாங்கிள் வாங்குவது காம்பொனென்டை, மூன்று தனிக் கம்பிகளில் வருவதை. எழுத்துகளைச் சுற்றி எறும்பு ஊர்வது மாதிரியான நெளிவு இதில் இருக்காது.

ஆனால் மாட்டும் முன் ஒரு வேலை. பழைய மஞ்சள் வயரிலேயே ஒரு தடவை பிஎஸ்2வை டிஸ்க் இல்லாமல் ஆன் செய்யுங்கள். சிஸ்டம் கான்ஃபிகரேஷன் உள்ளே காம்பொனென்ட் வீடியோ அவுட் என்று ஒன்று இருக்கும். ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக) என்று இருந்தால் ஒய் சிபி/பிபி சிஆர்/பிஆர் என்று மாற்றுங்கள். பிறகு டாங்கிளை மாட்டுங்கள். இதைச் செய்யாமல் மாட்டிவிட்டு, முகமெல்லாம் பச்சையாக, ஊதாவாக வருகிறது, டாங்கிள் டூப்ளிகேட் என்று திருப்பிக் கொடுக்க வருபவர்கள்தான் அதிகம்.

டாங்கிளின் மினி யுஎஸ்பி பவரை பிஎஸ்2வின் முன்பக்க யுஎஸ்பியிலேயே கொடுக்கலாம். டாங்கிள் கனமானது, ஏவி ஓட்டை லூசானது. எச்டிஎம்ஐ வயர் தடிமனாக இருந்தால் அதன் எடையில் சாய்ந்து தொடர்பு விட்டுப்போகும். மெல்லிய, ஒன்றரை மீட்டர் வயர் போதும்; அதையும் ஸ்டாண்டின் விளிம்பில் ஒரு டேப் போட்டுத் தாங்கிவிடுங்கள்.

இந்த டாங்கிள் படத்தைப் பெரிதாக்காது, இன்டர்லேஸைச் சரி செய்யாது. வந்ததை அப்படியே டிஜிட்டல் ஆக்கி அனுப்பும், அவ்வளவே. மிச்ச வேலை டிவியின் தலையில். ஆகையால் பிஎஸ்2விலிருந்தே 480பி வரவழைத்தால் பிரமாதமாக இருக்கும். சில ஆட்டங்களுக்கு அது உள்ளேயே இருக்கிறது: கிரான் டூரிஸ்மோ 4இன் என்டிஎஸ்சி (60 ஹெர்ட்ஸ்) பதிப்பில் 480பியும் 1080ஐயும் உண்டு, டெக்கன் 4இல் ஆரம்பிக்கும்போது முக்கோணத்தையும் எக்ஸையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தால் 480பி வேண்டுமா என்று கேட்கும். மற்றவற்றுக்கு ஃப்ரீ எம்சிபூட் (வெளி மென்பொருளைத் திறக்கவிடும் நிரல்) போட்ட மெமரி கார்டும் ஓப்பன் பிஎஸ்2 லோடர் என்ற ஆட்டம் ஓட்டும் மென்பொருளும் வேண்டும். லோடரில் ஆட்டத்தின் அமைப்புக்குள் ஜிஎஸ்எம் என்பதை ஆன் செய்து எச்டிடிவி 480பி தேர்ந்தெடுத்தால் கட்டாயமாக அந்த மோடில் ஓட்டும். எல்லாமே ஒத்துவரும் என்று இல்லை; சில ஆட்டங்கள் இடையில் வீடியோக் காட்சி வரும்போது உறைந்துவிடும், சிலவற்றில் படம் ஓரமாக நகர்ந்துவிடும். அந்த ஆட்டங்களுக்கு மட்டும் ஜிஎஸ்எம்மை அணைத்துவிடுங்கள்.

கார்டு வாங்கும் முன் பிஎஸ்2வின் அடியில் மாடல் எண்ணைப் பாருங்கள். எஸ்சிபிஎச் 90000 வரிசை, தேதிக் குறியீடு 8சி அல்லது அதற்குப் பின் என்றால் ஃப்ரீ எம்சிபூட் வேலை செய்யாது. அதோடு, யுஎஸ்பியிலிருந்து ஆட்டம் ஓட்டினால் வீடியோக் காட்சிகள் திக்கும். அது டாங்கிளின் தவறில்லை. பிஎஸ்2வின் யுஎஸ்பி பழைய 1.1 வேகம்.

பிஎஸ்2வில் பிஎஸ்1 டிஸ்க் போட்டால் மறுபடி 240பி பூதம் கிளம்பும். டாங்கிள் அதை 480ஐ என்று டிவிக்கு அனுப்ப, சில டிவி கோடு கோடாகக் காட்டும், சில டிவி சிக்னலே இல்லை என்று கைவிரிக்கும். ஒரிஜினல் பிஎஸ்1 கன்சோலில் இந்த டாங்கிளைச் செருக முடியும், ஓட்டை ஒன்றுதான். ஆனால் பிஎஸ்1இல் காம்பொனென்ட் கிடையாது, படம் வராது.

கேசட் கேமுக்கும் மெகா டிரைவுக்கும்

இங்கேதான் லைன் டப்ளர் என்ற சாதனம் வருகிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெயர் சொன்னால் முழிப்பார்கள். ரெட்ரோடிங்க் மாதிரியானவற்றை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். விலையோடு கூரியர், சுங்கம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து நிற்கும். பில் தொகையை மட்டும் பார்த்து ஆர்டர் போடாதீர்கள்.

லைன் டப்ளர் செய்வது எளிய காரியம். 240பியை 240பி என்றே புரிந்துகொண்டு, ஒவ்வொரு கோட்டையும் இரண்டு தடவை எழுதி 480பி ஆக்குகிறது. எந்த ஃப்ரேமையும் பின்னாது, முழு ஃப்ரேமுக்காகக் காத்திருக்காது. சில கோடுகள் அளவுக்குத்தான் தாமதம், கையில் உறைக்காது. 50 ஹெர்ட்ஸ் வந்தால் 50 ஹெர்ட்ஸே போகும். மரியோ மினுக்குவான், குழாய்கள் வழுக்கும். ரெட்ரோடிங்க் 2எக்ஸ் மினியில் காம்போசிட்டும் எஸ் வீடியோவும் (நிறமும் வெளிச்சமும் தனித்தனிக் கம்பியில்) மட்டும்தான் உண்டு. கேசட் கேமுக்கு அதுவே போதும். இன்னொரு அனுகூலம்: எச்டிக்கு 4:3 தராத டிவிகளும் 480பி வந்தால் பெரும்பாலும் 4:3 தருகின்றன.

ரெட்ரோடிங்க் 5எக்ஸ் ப்ரோ இன்னொரு படி மேலே. காம்போசிட்டிலிருந்து ஆர்ஜிபி வரை எல்லாம் வாங்கும், 1080பி, 1440பி வரை கொடுக்கும். அதில் 1080பி ஓவர் என்ற மோடைப் பற்றிக் கணக்காகச் சொல்ல வேண்டும்: 240 கோட்டை ஐந்தால் பெருக்கினால் 1200, திரையில் 1080தான் இடம். அதனால் மேலும் கீழுமாக 24 கோடு வெட்டுப்படும், 216 கோடு தெரியும். பெரும்பாலான ஆட்டங்கள் ஓரத்தில் ஒன்றும் வைக்காததால் நஷ்டமில்லை. ஸ்கோரை ஒட்டுமேலே எழுதும் ஆட்டத்தில் மட்டும் எழுத்தின் தலை போகும். நாலரை மடங்கு இழுக்கும் ஃபில் மோடில் எல்லாம் தெரியும், ஆனால் கோடுகளின் தடிமன் சீராக இராது. ஸ்கேன்லைன் (பழைய டிவி மாதிரி கருங்கோடுகள்) போட்டால் அலை அலையாகத் தெரியும். 4கே டிவி இருந்தால் 1440பி கொடுத்துப் பாருங்கள். 240ஐ ஆறால் பெருக்கினால் மிச்சமில்லாமல் வரும். 2023இல் வந்த ரெட்ரோடிங்க் 4கே ஒன்பதால் பெருக்கி 2160ஐ நேராகத் தொடும். வெளியானபோது 750 டாலர். அந்தக் காசுக்கு ஒரு புது கன்சோலே வாங்கலாம் என்று வீட்டில் சொன்னால் எதிர்வாதம் கிடையாது.

ஓஎஸ்எஸ்சி என்ற இன்னொரு சாதனமும் நல்ல பெயர் வாங்கியது. காம்பொனென்ட், ஆர்ஜிபி மட்டும்தான் வாங்கும். மஞ்சள் பின்னுக்கு இடமில்லை. கேசட் கேம்காரர்கள் அதை மறந்துவிடலாம்.

தெளிவு கூடினால் எல்லாமே அழகாகிவிடும் என்று இல்லை. ஷா வாலஸ் மூலமாக 90களில் இந்தியாவுக்கு வந்த செகா மெகா டிரைவில் சானிக் ஆடிப் பாருங்கள். அருவி வரும் இடத்தில் ஒரு கோடு நீர், ஒரு கோடு வெறுமை என்று வரைந்திருப்பார்கள். மஞ்சள் வயரின் மங்கலில் இரண்டும் கலந்து கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். ஆர்ஜிபியில் மாட்டினால் அருவி வேட்டிக் கோடு மாதிரி பிரிந்து நிற்கும். அந்த ஆட்டத்தைச் செய்தவர்கள் மங்கலை நம்பித்தான் செய்தார்கள். மெகா டிரைவுக்குக் காம்போசிட்டே போதும் என்று சொல்பவர்கள் கஞ்சர்கள் இல்லை.

சால்டரிங் கை பழகியவர்களுக்கு ஜிபிஎஸ் 8200 (GBS) என்ற பச்சை போர்டு இருக்கிறது. ஆர்கேட் மெஷினைக் கம்ப்யூட்டர் மானிட்டரில் மாட்டுவதற்காக வந்தது. அப்படியே பயன்படுத்தினால் அந்த 500 ரூபாய் டப்பாவைவிடப் பிரமாதம் ஒன்றுமில்லை. அதன் மூளையை அணைத்துவிட்டு, இஎஸ்பி8266 சிப் உள்ள நோடுஎம்சியு போர்டில் ஜிபிஎஸ் கன்ட்ரோல் மென்பொருளை ஏற்றி இணைத்தால் ஆளே மாறிவிடும். வேலை இதுதான்: பி8 என்ற இரண்டு பின்னுக்கு ஜம்பர் போட்டால் பழைய மூளை தூங்கும், எஸ்சிஎல்லை டி1க்கும், எஸ்டிஏவை டி2க்கும், டீபக் பின்னை டி6க்கும் கொண்டுபோங்கள், எர்த்தும் 5 வோல்ட்டும் போர்டிலிருந்தே எடுக்கலாம். கம்பிகள் பத்து சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும், நீளமானால் அவ்வப்போது உறைந்துபோகும். ஆன் செய்தபின் போனில் வைஃபையைத் திறந்து 192.168.4.1க்குப் போனால் மெனு வரும். வெளியே வருவது விஜிஏ. விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் அடாப்டர் வேண்டும், ஒலிக்கு 3.5 மி.மீ. ஓட்டை உள்ளதாக. மறுதிசை அடாப்டரை வாங்கிவிடாதீர்கள், இதிலும் அதே குழப்பம்தான். வெளியீட்டை முதலில் 1280×720இல் வையுங்கள். எல்லா டிவியும் ஏற்கும். நோடுஎம்சியு, ஜம்பர் கம்பி, 5 வோல்ட் அடாப்டர் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டிலேயே கிடைக்கும். பிஎஸ்2 காம்பொனென்டுக்கும் மெகா டிரைவ் ஆர்ஜிபிக்கும் அருமையான வழி, சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். காம்போசிட் மட்டும் உள்ள கேசட் கேமுக்கு இதுவும் உதவாது.

எந்த வழியானாலும் அடாப்டரில் ஏமாறாதீர்கள். ஜப்பானிலிருந்து வந்த ஃபேமிகாமோடு வரும் அடாப்டர் 100 வோல்ட். நம் 230இல் செருகினால் அதோடு சரி. கன்சோலுக்கு வேண்டியது 10 வோல்ட் டிசி, 850 மில்லிஆம்பியர், நடு முனை நெகட்டிவ். மெகா டிரைவ் முதல் மாடலும் நடு நெகட்டிவ். இரண்டாவது மாடலில் பின்னே வேறு, நடு பாசிட்டிவ். ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான என்இஎஸ்ஸின் அடாப்டர் 9 வோல்ட் ஏசி. அது என்இஎஸ்ஸுக்கு மட்டும்தான், ஃபேமிகாமில் செருகினால் உள்ளே எரிந்துவிடும். இன்னொன்று, மிக மலிவான சுவிட்சிங் அடாப்டர் போட்டால் படத்தில் சாய்வுக் கோடுகள் ஓடும். கன்வெர்ட்டரை மாற்றும் முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். படம் குப்பையாக, கட்டம் கட்டமாக வந்தால் அது வீடியோ பிரச்சினையே இல்லை, கேசட்டின் பற்கள். கடல் காற்றில் செம்பு பச்சை பூத்திருக்கும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம்தான் சேரும். 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை காது குடையும் பஞ்சில் நனைத்துத் துடையுங்கள், பஞ்சு கருப்பாக வருவது நிற்கும்வரை.

துப்பாக்கி ஆட்டம்

வாத்துச் சுடும் துப்பாக்கியைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். மேலே சொன்ன எதிலும் அது வேலை செய்யாது, 750 டாலர் கொடுத்தாலும். விசையை இழுத்ததும் ஆட்டம் ஒரு ஃப்ரேம் திரையைக் கருப்பாக்கி, அடுத்ததில் வாத்து இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் போடும். துப்பாக்கியின் கண் அந்த நொடியிலேயே வெளிச்சத்தைத் தேடும். எல்இடி டிவியில் கட்டம் வரும்போது ஆட்டம் 'தப்பிவிட்டது' என்று முடிவெடுத்திருக்கும். பிக்சர் டியூபின் கற்றை மினுக்கும் வேகத்துக்கே அந்தக் கண் பழக்கப்பட்டது என்பது இன்னொரு காரணம்.

அதற்கு டியூப் டிவிதான் வேண்டும், சென்னையில் அது இன்னும் அழிந்துவிடவில்லை. 2006இலிருந்து அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி, சொந்தக்காரர் வீட்டுப் பரணிலோ தெருமுனைக் காயலான் கடையிலோ இருக்கும். 240பிக்கும் 50 ஹெர்ட்ஸுக்கும் இதைவிடத் தோதான திரையைக் காசு கொடுத்து வாங்க முடியாது. எடுக்கும்போது மஞ்சள் ஏவி ஓட்டை இருக்கிறதா பாருங்கள். கடையிலேயே பத்து நிமிடம் ஓடவிடுங்கள்: சூடேறியபின் படம் சுருங்கினாலோ, வெளிச்சமான காட்சியில் ஊதிப் பெருத்தாலோ விட்டுவிடுங்கள். மூலையில் ஊதாத் திட்டு இருந்தால் பயப்பட வேண்டாம், பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்ததால் வந்த காந்தம். மெயின் ஸ்விட்சில் அணைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டு ஆன் செய்தால் 'டொய்ங்' என்ற சத்தத்தோடு தானே கலையும், இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். பின்மூடியை மட்டும் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப் ஆயிரக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். தூக்கும்போது கண்ணாடிப் பக்கம் மார்போடு இருக்கட்டும். எடை முழுவதும் முன்னால்தான்.